நடுவர் ஏன் விசில் ஊதினார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



தொலைக்காட்சியில் ஹாக்கி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அதிகமாகக் கேட்கும் வாசகம் எது என்று நினைக்கிறீர்கள்? ‘கோல்!’ என்ற கூச்சல் என்பீர்கள். இல்லை. ‘இப்ப ஏன் விசில் ஊதினாங்க?’ என்ற கேள்விதான். பிள்ளை அப்பாவைக் கேட்கும். அப்பா அம்மாவைப் பார்ப்பார். மூவரும் சேர்ந்து தொலைக்காட்சியைப் பார்ப்பார்கள். அங்கே வர்ணனையாளர் அடுத்த ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். கேள்விக்குப் பதில் வராது. இப்படி நாலைந்து தடவை நடந்தால் ரிமோட் கருவி பிள்ளையின் கைக்குப் போய்விடும். ஹாக்கி அந்த வீட்டை விட்டு வெளியேறிவிடும்.

ஹாக்கி வர்ணனையும் ஆட்ட ஆய்வும் எந்தத் தரத்தில் இருக்கின்றன, எப்படி இருக்க வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். எந்த நிலையத்தையும் எந்த வர்ணனையாளரையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது என் நோக்கமல்ல. மொழி எதுவானாலும் இந்தக் குறை பொதுவானது. நானும் இதே துறையில் பிழைப்பவள்தான். ஆனாலும், அஸ்லான் ஷா கிண்ணம் நடக்கும் ஈப்போவைச் சுற்றி வாழும் நாமே இதைப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

படம் சொல்லாததைச் சொல்ல வேண்டும்

தகவல் தொடர்புத் துறை மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. வானொலியில் எல்லாவற்றையும் சொல். தொலைக்காட்சியில் படம் சொல்லாததை மட்டும் சொல். வானொலி நேயருக்குக் கண் இல்லை. ஆகவே பந்து எங்கே, யாரிடம், எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைக்காட்சி நேயருக்குப் பந்து தெரிகிறது. அது ஏன் அங்கே போனது என்பதுதான் தெரிவதில்லை.

நமது ஹாக்கி வர்ணனையில் பெரும்பகுதி இன்னும் வானொலிப் பாணியிலேயே நடக்கிறது. ‘பந்து இவரிடம், இவரிடமிருந்து அவரிடம், அவர் அடித்தார், வெளியே போனது’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆட்டத்துக்கு நடுவே நேரம் கிடைத்தால் ஆட்டக்காரரின் வயது, எத்தனை அனைத்துலக ஆட்டங்கள் ஆடியிருக்கிறார் என்ற புள்ளிவிவரம். கோல் விழுந்தால் தொண்டை கிழியக் கூச்சல். இதில் உற்சாகம் இருக்கலாம், விளக்கம் இல்லை.

காற்பந்துக்கு இது போதும். பந்து பெரியது, விதிகளும் பிள்ளை முதல் பாட்டி வரை எல்லாருக்கும் பழக்கம். ஹாக்கியின் கதை வேறு. பந்தின் எடை 160 கிராம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். திடலின் நீளம் 91.4 மீட்டர். தேர்ந்தவர் அடித்தால் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். அதோடு, பந்து காலில் பட்டால் விசில், மட்டையின் பின்பக்கம் பட்டால் விசில், உடம்பால் மறைத்தால் விசில், ஆபத்தாகத் தூக்கி அடித்தால் விசில். கண்ணுக்குத் தெரியாத பந்து, காரணம் புரியாத விசில் — இரண்டும் சேர்ந்த ஆட்டத்துக்கு வர்ணனையாளர்தான் மூக்குக்கண்ணாடி.

பெனால்டி கார்னர்: ஒரு பாடம்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நடுவர் இரு கைகளையும் கோலை நோக்கி நீட்டுகிறார். பெனால்டி கார்னர். வர்ணனையாளர் ‘அருமையான வாய்ப்பு!’ என்கிறார். ஏன் கொடுத்தார்கள், அது ஏன் அருமையான வாய்ப்பு என்று சொல்வதில்லை.

சொல்வதற்கு அரை நிமிடம் போதும். கோலைச் சுற்றி 14.63 மீட்டர் தூரத்தில் ஒரு வளைகோடு இருக்கிறது. அதைத்தான் வட்டம் என்கிறோம். அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். அந்த வட்டத்துக்குள் தற்காப்பாளர் தவறு செய்தால் பெனால்டி கார்னர். வட்டத்துக்கு வெளியே, ஆனால் 23 மீட்டர் கோட்டுக்குள் வேண்டுமென்றே தவறு செய்தாலும் அதே தண்டனைதான். தவறால் நிச்சயமான ஒரு கோல் தடுக்கப்பட்டிருந்தால் பெனால்டி ஸ்ட்ரோக். கோல்காவலர் மட்டும் எதிரே நிற்பார்.

பெனால்டி கார்னரில் கோல்காவலரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம். மற்ற ஆறு பேர் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். ஒருவர் ஓரத்திலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார். அது வட்டத்தை விட்டு வெளியே போய் வந்த பிறகே கோலை நோக்கி அனுப்பலாம். ஓங்கி அடிக்கும் முதல் பந்து 46 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் கோலுக்குள் போனால் செல்லாது. ஆனால் மட்டையில் பந்தை இழுத்துக்கொண்டு வந்து வீசினால் அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது. ‘டிராக் பிளிக்’ என்கிறார்களே, அதன் ரகசியம் இதுதான். ஒவ்வோர் அணியும் இப்படி வீசத் தெரிந்த ஒருவரைப் பொன்போலப் பாதுகாப்பதற்குக் காரணமும் இதுதான்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆட்டத்தில் பெனால்டி கார்னர் பல தடவை வரும். தடவைக்கு ஒரு செய்தி சொன்னாலும் ஆட்டம் முடியும்போது பத்து வயதுப் பிள்ளை பாதி ஹாக்கியைக் கற்றிருக்கும். அடுத்த நாள் பள்ளியில் நண்பனுக்கு அதுவே சொல்லித்தரும்.

தாத்தாவின் ஹாக்கியும் பேரனின் ஹாக்கியும்

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1975ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தது. என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில், எம். மகேந்திரன் போன்றோர் ஆடிய நம் அணி அரையிறுதி வரை போனது. இந்தியாவுக்கு எதிரான அந்த அரையிறுதியில் 2-1 என்று முன்னணியில் இருந்தோம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்போல இருந்தபோது, பெனால்டி கார்னருக்காகவே அஸ்லம் ஷேர் கானை மாற்று ஆட்டக்காரராக இறக்கினார்கள். கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுவிட்டு அவர் அடித்த பந்து கோலானது. கூடுதல் நேரத்தில் 3-2 என்று நாம் தோற்றோம். நான்காம் இடம் பெற்றோம். இந்தியா இறுதியில் பாகிஸ்தானை 2-1 என வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. இன்றும் அந்தத் தாயத்துக் கதையைச் சொல்லிப் பெருமூச்சு விடும் பெரியவர்கள் பேராவில் இருக்கிறார்கள்.

அந்தப் பெரியவர்கள் பார்த்த ஹாக்கி வேறு. புல்தரை. 35 நிமிடம் கொண்ட இரண்டு பாதி. ஆஃப்சைடு விதி உண்டு. அடுத்த ஆண்டே, 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. 1990களின் பிற்பகுதியில் ஆஃப்சைடு போனது. 2009இல், விசிலுக்குப் பிறகு பந்தை இன்னொருவருக்குத் தள்ளாமல் தானே எடுத்துக்கொண்டு ஓடலாம் என்ற விதி வந்தது. 2014 முதல் அனைத்துலக ஆட்டம் 15 நிமிடம் கொண்ட நான்கு கால் பகுதிகளாகப் பிரிந்தது. சமநிலையில் முடிந்தால் முன்போல் கூடுதல் நேரம் இல்லை. 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர் எட்டு வினாடிக்குள் கோல்காவலரை ஏமாற்ற வேண்டிய ஷூட்அவுட் வந்துவிட்டது.

தாத்தா ‘ஆஃப்சைடு!’ என்று கத்துகிறார். பேரனுக்கு அந்தச் சொல்லே தெரியாது. இருவருக்கும் நடுவே பாலம் போடக்கூடியவர் வர்ணனையாளர்தான். ‘அந்தக் காலமாக இருந்தால் இது ஆஃப்சைடு, இன்று இல்லை. அதனால்தான் தாக்குதல் ஆட்டக்காரர் கோல் ஓரத்திலேயே காத்திருக்கிறார்’ என்று ஒரு வரி சொன்னால் தாத்தாவும் சமாதானம் ஆவார், பேரனும் கற்பான்.

ஸ்கோர் சொல்வது ஆய்வு ஆகாது

இடைவேளையில் வரும் ஆய்வுக்கு வருவோம். மேசைக்குப் பின்னால் இருவர் அமர்ந்திருப்பார்கள். ‘நம் அணி நன்றாக ஆடுகிறது, இரண்டாம் பாதியில் கவனமாக இருக்க வேண்டும்’ என்பார் ஒருவர். ‘ஆமாம், கவனம் முக்கியம்’ என்பார் மற்றவர். எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும் பேச்சு எந்த ஆட்டத்தையும் விளக்காது.

2023 ஆகஸ்டு 12ஆம் நாள். சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதி ஆட்டம். மலேசியாவும் இந்தியாவும் மோதின. இதே இந்தியாவிடம் இதே போட்டியின் லீக் சுற்றில் 0-5 என்று தோற்றவர்கள் நாம். அந்த ஆட்டத்தின் முதல் கோலை அடித்தவர் அரியலூர் இளைஞர் கார்த்தி செல்வம். ஆனால் இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் 3-1 என்று நாம் முன்னணியில் இருந்தோம்! பிறகு என்ன ஆனது? மூன்றாம் கால் பகுதி முடியும் தறுவாயில், 45ஆம் நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒரு கோல். அதே நிமிடத்திலேயே குர்ஜந்த் சிங் இன்னொன்று. 3-3. பிறகு 56ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்தார். 4-3; கிண்ணம் இந்தியாவுக்கு.

இது ஸ்கோர். இதை யாரும் சொல்லலாம். ஆய்வாளர் சொல்ல வேண்டியது என்ன? ஒரு கோல் விழுந்தால், கோல் வாங்கிய அணிதான் நடுத்திடலில் ஆட்டத்தைத் தொடங்கும். அதாவது, ஸ்ட்ரோக்கில் கோல் விழுந்தவுடன் பந்து நம் கையில் இருந்தது. கால் பகுதி முடியச் சில வினாடிகளே பாக்கி. பிறகு பந்து எப்படி நம் கோலுக்குள் வந்தது? எங்கே பறிபோனது? யார் எந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும்? பந்தைப் பின்னால் தட்டி நேரத்தைக் கடத்தியிருக்கலாமா? அந்தச் சில வினாடிகளை மூன்று தடவை ஓட்டிக் காட்டி, படத்தை நிறுத்தி, இங்கே பாருங்கள் என்று சுட்டிக்காட்டுவதுதான் ஆய்வு. ‘துரதிர்ஷ்டம்’ என்று சொல்லி நகர்ந்தால் அடுத்த ஆட்டத்திலும் அதே துரதிர்ஷ்டம் வரும்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டையும் நினைத்துப் பாருங்கள். அரையிறுதியில் இந்தியாவை 2-2க்குப் பிறகு ஷூட்அவுட்டில் 7-6 என வென்றோம். கோலுக்கு முன்னால் மலைபோல நின்றார் எஸ். குமார். இறுதியில் ஜப்பான் கடைசி நிமிடத்தில் சமப்படுத்தி 6-6 ஆக்கி, ஷூட்அவுட்டில் தங்கத்தைப் பறித்தது. தங்கம் வென்றிருந்தால் நேரடியாக ஒலிம்பிக் நுழைவு. 2000 சிட்னிக்குப் பிறகு நம் ஆடவர் அணி ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு நிமிடத்தின் விலை புரியும். முன்னணியில் இருக்கும்போது ஆட்டத்தை முடிக்கத் தெரியாதது ஜகார்த்தாவில் தெரிந்தது; சென்னையிலும் தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஆய்வாளர் தேசத் துரோகி அல்லர். நம் அணிமீது உண்மையான அக்கறை கொண்டவர் அவர்தான். நம் பக்கம் என்பதற்காகத் தவறை மூடினால் அது ரசிகர் மன்றப் பேச்சாகிவிடும்.

மழை நேரத்தில்தான் தரம் தெரியும்

வர்ணனையாளரின் தரத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆட்டம் நிற்கும்போது அவர் என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். 2010 அஸ்லான் ஷா கிண்ண இறுதி ஆட்டம் ஈப்போவில் மழையால் நின்றுபோய், இந்தியாவும் தென்கொரியாவும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. ஈப்போ மழையைப் பற்றி நமக்குச் சொல்லவா வேண்டும்! அப்படிப்பட்ட நேரத்தில் மேகத்தைக் காட்டிக்கொண்டு ‘மழை பெய்கிறது’ என்று எத்தனை தடவை சொல்ல முடியும்?

ஆட்டத்துக்கு முன்னால் திடலுக்குத் தண்ணீர் அடிக்கிறார்களே, பிறகு மழைத் தண்ணீர் மட்டும் ஏன் ஆகாது என்று அந்த நேரத்தில் விளக்கலாம். செயற்கைத் தரையில் மெல்லிய ஈரம் இருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாகவும் சீராகவும் ஓடும். விழுந்தாலும் தோல் அதிகம் உராயாது. தண்ணீர் தேங்கிவிட்டால் அதே பந்து பாதி வழியில் நின்றுவிடும். இதைக் கேட்ட பிள்ளை மழை முடியும்வரை தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்.

தோட்டத் திடல் போன பிறகு

இவ்வளவு பெரிதாகப் பேச இது என்ன அப்படி முக்கியம் என்று சிலர் கேட்கலாம். நம் சமுதாயத்துக்கு இது முக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

தோட்டப்புறத்தில் காற்பந்துதான் ராஜா. உண்மை. ஆனால் பட்டணத்துப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் மூலம் ஹாக்கியும் தோட்டத்துக்குள் வந்தது. வாங்கக் காசில்லாத மட்டைக்குப் பதில் வளைந்த மரக்கிளை. பந்துக்குப் பதில் எது கிடைத்ததோ அது. மாலையில் அண்ணன்மார்கள் ஆட, தம்பிமார்கள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். ‘டேய், மட்டையைத் தாழ்த்திப் பிடி’ என்று ஓர் அண்ணன் சொல்வார். பயிற்றுநர், வர்ணனையாளர், ஆய்வாளர் எல்லாம் அவர்தான்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. சுங்கை சிப்புட், சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் பக்கமெல்லாம் லயத்து வீடுகளை விட்டுத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நம் மக்கள் குடிபெயர்ந்தார்கள். வீடு மாறியது நல்லதுதான். ஆனால் அந்தத் திடலும், திடலோரத்து அண்ணனும் கூடவே வரவில்லை. இன்று அந்தப் பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் ஒரே அண்ணன் தொலைக்காட்சிதான். அந்த அண்ணன் வெறுமனே கத்தினால் பிள்ளை எதைக் கற்கும்?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு நிகழ்ச்சிப் பதிவுக்குப் போயிருந்தபோது, முன்பு பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவரின் வீட்டில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. கருவி பழுதா ஐயா என்று கேட்டேன். “பழுது ஒண்ணும் இல்லம்மா. பந்து யாருகிட்ட இருக்குன்னு எனக்கே தெரியுது. எனக்குத் தெரியாததச் சொல்ல ஆளில்ல. அதான் சத்தத்த நிறுத்திட்டேன்” என்றார். எங்கள் துறைக்கு இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சண்முகநாதன், மகேந்திரன், குகன், குமார் என்று ஒரு காலத்தில் நம் பெயர்கள் தேசிய அணியில் சரளமாக ஒலித்தன. இன்று பட்டியலில் தேட வேண்டியிருக்கிறது. இதற்குத் திடல், பணம், பள்ளி, வாய்ப்பு என்று பல காரணங்கள் உண்டு. வர்ணனை ஒன்றே அதைச் சரிசெய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆட்டத்தை ரசிக்கத் தெரியாத வீட்டிலிருந்து ஆட்டக்காரர் வருவது அரிது. ரசிக்கத் தெரிவதற்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

தமிழில் முடியுமா?

முடியும் என்பதற்குக் கிரிக்கெட்டே சாட்சி. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் சென்னை வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்தபோது, ஆங்கில ஆட்டத்துக்குத் தமிழா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கக் கேட்கக் காது பழகியது. இன்று தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட்டுக்கு முழுநேரத் தமிழ் வர்ணனையே இருக்கிறது. இந்தியில் ஜஸ்தேவ் சிங் 1975 இறுதி ஆட்டத்தை வானொலியில் வர்ணித்ததை இன்னமும் அங்கே நினைவு கூர்கிறார்கள். கேட்டவர்கள் திடலைப் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிரிக்கெட் மட்டையைத் தொட்டே பார்க்காத நம்மூர்ப் பிள்ளைக்கு அந்த ஆட்டத்தின் நுணுக்கம் தமிழில் தெரிகிறது. ஈப்போவில், பக்கத்துத் திடலில் நடக்கும் ஹாக்கி தெரியவில்லை. சொற்களுக்காகத் தயங்க வேண்டாம். மட்டை, வட்டம், கோல்காவலர், தற்காப்பு, நடுத்திடல், இழுத்து வீசுதல் என்று பாதிச் சொற்கள் நம்மிடமே இருக்கின்றன. பெனால்டி கார்னரை அப்படியே சொன்னாலும் குற்றமில்லை. சொல் எதுவானாலும் பொருள் விளங்கினால் சரி.

என்ன செய்யலாம்?

தொலைக்காட்சி நிலையங்களுக்கு என் வேண்டுகோள்கள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல.

ஒவ்வொரு முக்கிய விசிலுக்கும் ஒரு வரிக் காரணம் சொல்லுங்கள். அணிகள் காணொளி மறுபரிசீலனை கேட்கும்போது, நடுவர் எதைத் தேடுகிறார் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நேயரும் சேர்ந்து தேடட்டும்.

புள்ளிவிவரம் காட்டினால் பொருளோடு காட்டுங்கள். ‘பெனால்டி கார்னர் எட்டு’ என்பது எண். எட்டில் எத்தனை தடவை பந்தைச் சரியாக நிறுத்த முடியாமல் வாய்ப்பு வீணானது என்பது செய்தி.

முன்னாள் ஆட்டக்காரர்களை அழையுங்கள். அழைத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். நன்றாக ஆடியவரெல்லாம் நன்றாக விளக்குவார் என்று சொல்ல முடியாது. படத்தை நிறுத்திப் பேசவும், சுருக்கமாகப் பேசவும் சில நாள் பயிற்சி கொடுங்கள். விதி நுணுக்கங்களுக்கு ஓய்வுபெற்ற நடுவர் ஒருவரையும் பக்கத்தில் அமர்த்துங்கள்.

1983இல் தொடங்கிய அஸ்லான் ஷா கிண்ணம் 2007 முதல் பெரும்பாலும் ஈப்போவில்தான் நடந்து வருகிறது. அந்த நாட்களில் இரவில் அரை மணி நேரமாவது தமிழில் ஓர் ஆய்வு நிகழ்ச்சி நடத்துங்கள். நேயர் குறைவு என்று ஒரு தயாரிப்பாளர் என்னிடம் சொன்னார். விளக்கம் இல்லாததால்தான் நேயர் குறைவு. நேயர் குறைவு என்பதால் விளக்கம் இல்லை. இந்தச் சக்கரத்தை யாராவது ஓரிடத்தில் நிறுத்தத்தான் வேண்டும். அந்த வேலை நேயருடையது அல்ல, நம்முடையது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை பிள்ளை ‘ஏன் விசில் ஊதினாங்க?’ என்று கேட்டால் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். பள்ளி ஹாக்கி ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டால் நிலையத்துக்கு எழுதுங்கள். நேயர் கடிதம் வந்தால் நிலையத்தில் படிக்கத்தான் செய்வார்கள். நாலு கடிதம் ஒரே கேள்வியைக் கேட்டால் கூட்டத்தில் பேசுவார்கள். இதை நான் பார்த்திருக்கிறேன்.